கை வைப்பதற்கு முன்னால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் முதுகில் நீல மையால் 16 புள்ளிகள் வைத்தாள் என் அக்கா மகள். டொராண்டோவில் கைரோபிராக்டிக் படிக்கிறாள். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. குனிந்தால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்குமே, பெரும்பாலோருக்கு அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. அதைத் தொட்டுக்கொண்டு கீழே ஒவ்வொன்றாக எண்ணி இடுப்பு வரை வந்தாள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கைகளையும் பதித்து, அந்த மட்டத்தில் இருப்பது இடுப்பு முதுகின் நான்காவது எலும்பு என்று வைத்துக்கொண்டு மேல்நோக்கி எண்ணினாள். இரண்டு கணக்கும் சேரவில்லை. ஒரு எலும்பு உதைத்தது. ஈரத்துணியால் எல்லாப் புள்ளிகளையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அன்று மூன்று முறை எண்ணினாள். மூன்றாவது முறைதான் கணக்கு நேரானது. அவ்வளவு நேரம் குப்புறப் படுத்திருந்தபோதுதான், இந்தப் படிப்பில் கடைசியில் எதைத்தான் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது. அதற்குப் பிறகு அவளிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சரிசெய்யும் தொழில். 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிவைத்தது. காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முதுகெலும்பைத் தள்ளிக் காது கேட்கவைத்தேன் என்று பால்மர் சொன்னார். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906இல் அவரையே சிறையில் அடைத்தார்கள். முதுகெலும்பைத் தள்ளினால் எல்லா நோயும் தீரும் என்ற அந்தக் காலத்துப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் இடுப்பு முதுகு வலிக்கு இது ஓரளவு உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2017இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, புதிதாக வந்த இடுப்பு வலியில் மிதமான பலன் இருப்பதாகச் சொன்னது. ஆகவே இதைக் கற்றுக்கொள்கிறவர் ஒழுங்காகக் கற்றிருக்கிறாரா என்று பார்ப்பது ஊருக்கு முக்கியம்.

கனடாவில் ஆங்கிலத்தில் இதைக் கற்பிக்கும் கல்லூரி டொராண்டோவில் உள்ள கனேடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் காலேஜ். 1945இல் தொடங்கியது. பிரெஞ்சில் படிப்பவர்களுக்கு கியூபெக்கின் ட்ருவா-ரிவியேரில் ஒரு பல்கலைக்கழகத் துறை உண்டு. கல்லூரியில் நான்கு வருடம். அதன் நடுவே ஒவ்வொரு பருவத்திலும் செய்முறைத் தேர்வுகள், எல்லாம் முடிந்த பிறகு தேசிய அளவில் உரிமத் தேர்வு. அதிலும் எழுத்தோடு செய்முறை உண்டு.

முதுகில் புள்ளி வைத்து முடித்ததும் நான் ஆசையாகக் கேட்டேன்: “இவ்வளவு பண்ணிட்டே, அப்படியே ஒரு நெட்டி எடுத்துவிடேன்.”

“மாட்டேன் மாமா. இங்கே வைத்து நான் அதைச் செய்யக் கூடாது,” என்றாள். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

காரணம் சட்டம். ஒன்டாரியோவில் 1991இல் வந்த முறைப்படுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டம், கண்டவர் செய்யக்கூடாத காரியங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. தோலுக்கு அடியில் கத்தி வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அதில் வரும். அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: முதுகெலும்பின் மூட்டுகளை, அந்த ஆளுக்கு இயல்பாக அசையும் எல்லையைத் தாண்டி, வேகமாகவும் குறைந்த தூரத்திலும் தள்ளி அசைப்பது. கைரோபிராக்டர், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் போன்ற சிலருக்குத்தான் அந்த உரிமை. மாணவர்கள் உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்யலாம். மாமா வீட்டுச் சோபாவில் செய்ய முடியாது.

நம் ஊர் சலூன் ஞாபகம் வராமல் இருக்குமா? முடி வெட்டி முடித்ததும் ஒரு கை தாடையில், ஒரு கை பின்மண்டையில், இந்தப் பக்கம் ஒரு சொடுக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடுக்கு. நானே எத்தனையோ முறை கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தச் சொடுக்கை ஒரு மாகாணத்தின் சட்டம் பிரசவத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது என்று தெரிந்தபோது அடிவயிற்றில் என்னவோ செய்தது.

சரி, தேர்வுக்கு வருவோம். கல்லூரியில் நடக்கும் டெக்னிக் தேர்வில், அறைக்குள் ஒரு சாய்மேசை, அதில் படுக்க ஒரு சக மாணவர், கையில் மதிப்பெண் தாளோடு ஒரு ஆசிரியர். ஒரு சீட்டு வரும். நடுமுதுகின் ஆறாவது எலும்பு, வலப்பக்கம் இறுக்கம் என்று அதில் இருக்கலாம். அதைப் படித்ததும் மாணவர் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், என்ன செய்யப் போகிறோம் என்று படுத்திருப்பவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், சரியான எலும்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் உடம்பு வேலை. எந்தக் கால் முன்னால், மேசை எந்த உயரத்தில், உள்ளங்கையின் எந்த மேடு எலும்பில் பதிகிறது, முழங்கை எந்தக் கோணத்தில், விசை எந்தத் திசையில் போகப்போகிறது. இதையெல்லாம் சேர்த்து ‘செட்-அப்’ என்கிறார்கள். தள்ளுவதற்கு ‘த்ரஸ்ட்’.

செட்-அப்பில் தள்ளலுக்கு முந்தைய கடைசிப் படி ‘ப்ரீலோட்’. தோலிலும் தசையிலும் இருக்கும் தொளதொளப்பை மெதுவாக அழுத்தி எடுத்துவிட்டு, மூட்டின் எல்லையில் போய் நிற்பது. கிணற்றில் வாளியை இறக்கி, கயிற்றை இழுத்து விறைப்பாக்கிவிட்டு நிற்கிறோமே, ஏறக்குறைய அந்த இடம். தொளதொளப்பு இருக்கும்போதே தள்ளினால் விசை வழியிலேயே சிதறும், படுத்திருப்பவருக்கு வலிக்கும். அக்கா மகள் என் முதுகில் இதுவரை வந்து நின்றாள். கை சில்லென்று இருந்தது. உள்ளங்கை பதிந்து, எடை மெல்ல இறங்கி, ஒரு இடத்தில் அசையாமல் நின்றது. “இங்கேதான்,” என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

அவள் ஐந்தடி ஒரு அங்குலம். வகுப்பில் அவளோடு பயிற்சிக்குச் சேர்பவர்களில் ஆறடிப் பையன்களும் உண்டு. கை பலத்தில் தள்ளப் போனால் தோற்றுவிடுவாள். அதனால் இடுப்பையும் உடம்பின் எடையையும் இறக்கித் தள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மேசையை ஒரு அங்குலம் தாழ்த்தாமல் விட்டால் மொத்தமும் கெட்டுவிடும் என்கிறாள். மதிப்பெண் தாளில் மேசை உயரத்துக்கு ஒரு வரிதான் இருக்கும், ஆனால் அந்த ஒரு வரியில் விட்டதை மற்ற எதிலும் பிடிக்க முடியாது.

தள்ளலின் வேகம் கண்ணுக்குப் பிடிபடாதது. கால்கரி பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹெர்சாக் என்பவரும் அவர் குழுவினரும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் உச்ச விசை சராசரியாக 100 நியூட்டன் அளவில், அதாவது சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். நடுமுதுகில் அதைப்போல நான்கு மடங்கு. விசை ஏறி உச்சிக்குப் போக ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு, கழுத்தில் அதற்கும் குறைவு. பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் இதைப் பார்த்து எவ்வளவு துல்லியமாக மதிப்பெண் போட முடியும்? அதற்காகத்தான் டொராண்டோ கல்லூரியில், ஜான் டிரையானோவின் முயற்சியில், விசையை அளக்கும் மேசையைக் கொண்டுவந்தார்கள். மேசைக்கு அடியில் உணரிகள். மாணவர் தள்ளியதும் திரையில் ஒரு கோடு எழும். ப்ரீலோட் எவ்வளவு, தள்ளுவதற்கு முன் தன்னையறியாமல் கையைத் தளர்த்தினாரா, எவ்வளவு வேகத்தில் ஏறியது எல்லாம் தெரிந்துவிடும். அக்கா மகளின் கோட்டில் தள்ளலுக்குச் சற்று முன் ஒரு பள்ளம் விழுந்துகொண்டே இருந்ததாம். அந்தப் பள்ளத்தைப் போக்க அவளுக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

தேர்வில் சத்தத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘டக்’கென்று சத்தம் கேட்டால் எலும்பு ‘இடத்தில் உட்கார்ந்தது’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காவ்சக் குழுவினர் விரலில் நெட்டி எடுப்பதை எம்ஆர்ஐ கருவிக்குள் படம்பிடித்தார்கள். மூட்டு விலகும் கணத்தில் உள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு வாயுக்குழி உருவாவதோடு சேர்ந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்று சொன்னார்கள். எலும்பு எங்கோ போய் உட்காருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது 2004இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு ஆய்வு. உரிமம் பெற்று நடைமுறையில் இருக்கும் கைரோபிராக்டர்கள் ஒரு குறிப்பிட்ட எலும்பைக் குறிவைத்துத் தள்ளும்போது சத்தம் உண்மையில் எந்த எலும்பில் வருகிறது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி முறைதான் குறி சரியாக இருந்தது. இடுப்பு முதுகில் சராசரியாக 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகல். அனுபவசாலிகளின் கணக்கே இப்படி. என் முதுகில் அக்கா மகள் ஒரு எலும்பு தவறவிட்டது எவ்வளவு சிறிய தவறு என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

அப்படியானால் அந்தப் புள்ளிகளை எண்ணிப் பழகுவதில் என்ன பயன்? இந்தக் கேள்வியை அவளிடமே கேட்டேன். எண்ணிப் பழகும்போதுதான் எது இயல்பான முதுகு, எது இயல்பில்லாதது என்று விரலுக்குத் தெரிகிறது என்றாள். தொட்டதும் பதறி விலகுகிற நோயாளி, ஒரே ஒரு எலும்பின் மேல் தட்டினால் வலிக்கிறது என்கிற வயதான அம்மா, இவர்களைக் கண்டுகொள்ள விரல் பழகியிருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்தில் முறிந்த முள்ளெலும்பாக இருக்கலாம், புற்று பரவியதாக இருக்கலாம். அங்கே தள்ளக் கூடாது. அந்தப் பதில் எனக்குச் சரியாகப் பட்டது. குறி தவறாத கையைவிட, எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்த கையைத்தான் ஒரு தேர்வு நம்பகமாகப் பிரித்துக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

அதைப் பிரித்துக் காட்டுவதற்கு இருப்பதுதான் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு. இந்தப் பெயரைக் கேட்டாலே மருத்துவம், நர்சிங், பிசியோ மாணவர்கள் எல்லோருக்கும் வயிறு கலங்கும். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. அதற்கு முன்னால் மருத்துவச் செய்முறைத் தேர்வு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. உங்களுக்கு எளிய நோயாளி வந்தால் பிழைத்தீர்கள், கடுமையான தேர்வாளர் வாய்த்தால் போனீர்கள். ஹார்டன் அதை வரிசையான நிலையங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வேலை, சில நிமிடம், மணி அடித்ததும் அடுத்தது. எல்லா மாணவருக்கும் அதே நோயாளிகள், அதே தேர்வாளர்கள்.

அந்த நோயாளிகளும் நடிப்பவர்கள்தான். 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஆரோக்கியமான ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். முதலில் பலர் இதைக் கூத்து என்று ஒதுக்கினார்கள். அவரே பிறகு டொராண்டோவுக்குப் பக்கத்தில், ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சில வருடம் கற்பித்தார். 1992இல் கனடா தன் மருத்துவர்களுக்கான தேசிய உரிமத் தேர்விலேயே ஆஸ்கியைச் சேர்த்தது. கைரோபிராக்டிக் தேர்வுக்கும் இந்த முறைதான் வந்து சேர்ந்தது.

நிலையத்தின் கதவுக்கு வெளியே ஒரு அட்டை இருக்கும். 45 வயது ஆண், லாரி ஓட்டுநர், மூன்று வாரமாக இடுப்பு வலி, இரண்டு நாளாக இரண்டு காலிலும் வலி. படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த ஓட்டுநராக என்னை உட்காரவைத்து அக்கா மகள் பழகினாள். எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, இருமினால் வலிக்கிறதா, ராத்திரி வலியில் முழிப்பு வருகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கடகடவென்று கேட்டாள். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள், முழங்காலில் சுத்தியலால் தட்டினாள், கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லிப் பலம் பார்த்தாள். நேரம் முடிந்தது. நன்றாகத்தான் செய்தாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடியிருந்தது.

“கேட்க வேண்டிய ரெண்டு கேள்வியை விட்டுட்டேன் மாமா.”

என்ன என்று கேட்டால் சொல்லத் தயங்கினாள். அப்புறம் தாளைத் திருப்பிக் காட்டினாள். சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறதா, மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறதா. தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போயிருக்கிறதா. முதுகுத்தண்டின் கீழ்முனையில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக்கற்றையை, எலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கிய வட்டு (டிஸ்க்) நசுக்கும்போது வரும் அறிகுறிகள் இவை. வந்துவிட்டால் கையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால்கூடச் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். அப்படி ஒரு நோயாளியின் இடுப்பைத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி அவளுக்கு மனப்பாடம். மாமாவிடம் கேட்க வாய் வரவில்லை. தேர்வில் நடிகராக வரப்போகிறவரும் என் வயதுக்காரராக இருக்கலாம். வகுப்பில் வெள்ளைக்கார மாணவர்களும் இதே இடத்தில் திக்குகிறார்கள் என்றாள், ஆனால் நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இன்னும் ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்களிடம் அடக்கமாக இரு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்தானே. அன்றைக்கு அந்தக் கேள்விகளை என்னிடம் அவளை நாலைந்து முறை கேட்கவைத்தேன். முதல் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

கழுத்து நிலையம் இன்னொன்று. திடீரென்று வந்த, இதுவரை இல்லாத மாதிரியான கழுத்து வலி, கூடவே தலைவலி. மாணவர் இங்கே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், முகத்தில் மரத்துப்போதல் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். கழுத்து எலும்புகளின் ஓட்டை வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். கனடாவில் இது வெறும் பாடப்புத்தக விஷயமாக இல்லை. கழுத்துச் சிகிச்சைக்குப் பின் பக்கவாதம் வந்து இறந்தவர்கள் குறித்து 1998இல் சஸ்காட்சுவானிலும், அதன் பிறகு டொராண்டோவிலும் மரண விசாரணைகள் நடந்தன. 2008இல் ஒன்டாரியோவின் மருத்துவப் பதிவுகளை வைத்து 818 பேருக்கு வந்த இவ்வகைப் பக்கவாதங்களை ஆராய்ந்தார்கள். கைரோபிராக்டரிடம் போனதற்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் குடும்ப மருத்துவரிடம் போனதற்கும் அதே மாதிரித் தொடர்பு தெரிந்தது. கிழிசலின் வலியோடுதான் பலர் இரண்டு இடத்துக்கும் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை வைத்துத் தொழிலுக்குள்ளும் வெளியிலும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஆனால் கிழிந்த தமனியோடு ஒருவர் உள்ளே நடந்து வரலாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரை அடையாளம் கண்டு கழுத்தைத் தொடாமல் அனுப்பிவைப்பதுதான் அந்த நிலையத்தில் முழு மதிப்பெண்.

எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மதிப்பிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. 1999இல் டொராண்டோவின் பிரையன் ஹாட்ஜஸும் அவரோடு சேர்ந்தவர்களும், அனுபவமுள்ள மருத்துவர்களை ஆஸ்கி நிலையங்களில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பட்டியல்படி மதிப்பெண் போட்டால் அவர்கள் பயிற்சி மருத்துவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். ஏனென்றால் அனுபவசாலி எல்லாக் கேள்வியையும் கேட்பதில்லை, நேராக விஷயத்துக்குப் போய்விடுகிறார். அதனால்தான் பல தேர்வுகளில் பட்டியலோடு, மொத்தத்தில் இவர் எப்படி என்று தேர்வாளர் தன் மனசுக்குப் பட்டதைச் சொல்லும் மதிப்பீடும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் மாணவர்களைப் பொறுத்தவரை பட்டியல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. குறுக்கு வழி பிடிக்கும் உரிமை பல வருட அனுபவத்துக்குப் பிறகு வரட்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், 1963இல் தொடங்கிய தேசிய கைரோபிராக்டிக் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது. தலைமையகம் கொலராடோவின் கிரீலியில். அதற்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனித் தேர்வு. வாரியத் தேர்வின் நான்காம் பகுதி செய்முறை. நீண்ட காலமாக அதை எக்ஸ்ரே படங்களைப் படிப்பது, நோயாளியை விசாரித்துச் சோதிப்பது, டெக்னிக் என்று பிரித்திருந்தார்கள். மதிப்பெண் 125இலிருந்து 800 வரை, தேற 375. அந்த முறையில் டெக்னிக் நிலையத்தில் மாணவர் ப்ரீலோட் வரை வந்து நிற்க வேண்டியிருந்தது. தள்ளக் கூடாது என்பது விதி. மேசையில் படுத்திருப்பவர் ஒரே நாளில் எத்தனையோ மாணவர்களுக்குப் படுத்தார், ஒவ்வொருவரும் ஒரு முறை தள்ளினால் அவர் முதுகு என்னாவது? அதாவது, சட்டம் இவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் அந்த ஒரு காரியத்தை அங்கே உரிமத் தேர்வு பார்த்ததே இல்லை. முன்பு எனக்கு இது விநோதமாகத் தோன்றியிருக்கும். இப்போது, பார்க்க வேண்டியதைத்தான் பார்த்தார்கள் என்று தோன்றுகிறது. தள்ளலை நான்கு வருடமும் விசை மேசையும் ஆசிரியர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

தேர்வுக்கு முந்தின இரவு அக்கா மகள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். நீள நகம் இருந்தால் தொட்டுப் பார்க்கும்போது நோயாளிக்குக் குத்தும். சில்லிட்ட கைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். உள்ளே போகும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வேன், ‘கை கொஞ்சம் சில்லென்று இருக்கும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவேன் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் போன் பண்ணினாள். இடுப்பு வலிக்காரர் வந்தாராம், நரைத்த தலை, கிட்டத்தட்ட என் வயது. “கேட்டேன் மாமா. ரெண்டையும் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.” அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாராம். அதற்கு மேல் அவரை அவள் தொடவில்லை.